எனக்கும் வெளிப் பந்தலிலேயே இலை போடுங்கள்

எங்கள் ஊர் அம்மன் கோயில் பரிபாலன சபையினருக்கும், வெளிநாடுகளில் இயங்கும் எங்கள் ஊர் ஒன்றியத்தின் கிளைகளுக்கும்,

சித்திரை மாதம் வசந்த மண்டபத்தில் கூடி நீங்கள் எடுத்த முடிவைப் பற்றி எழுதுகிறேன். ஆடிப்பூரத் திருவிழாவின் பத்து நாளும் அன்னதானத்தின்போது புதிய மடத்துக்குள், ஒவ்வொரு நாள் திருவிழாச் செலவையும் ஏற்கும் உபயகாரக் குடும்பங்களும் அவர்களுடைய விருந்தினரும் மட்டும் சாப்பிடுவார்கள், மற்றவர்களுக்கு மேற்கு வீதியில் தகரப் பந்தல் போட்டுப் பரிமாறப்படும் என்பதுதான் அந்த முடிவு. கூட்டக் குறிப்பில் காரணம் 'இடநெருக்கடி' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மடத்தில் ஒரு பந்திக்கு 120 பேர் தாராளமாக இருக்கலாம். நிலத்துக்கு மாபிள் பதித்தபோது கூட நின்று அளந்தவள் நான். மூன்று பந்தி வைத்தால் முழு ஊரும் சாப்பிட்டு முடிந்துவிடும்.

'மற்றவர்கள்' என்றால் யார் என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. உபயகாரர் பட்டியலில் குளத்துக்கு அந்தப் பக்கத்துக் குடும்பம் ஒன்றுகூட இல்லை. ஒரு நாள் உபயம் தங்களுக்கும் வேண்டும் என்று அவர்கள் இரண்டு தடவை எழுதிக் கேட்டும் சபை அதை எடுத்துப் பேசவே இல்லை.

நானும் இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. தலைவர் ஐயாவை வீட்டில் போய்ச் சந்தித்தேன். "பிள்ளை, நீ கனகாலம் வெளியில இருந்திட்டாய். உனக்கு ஊர் வழக்கம் விளங்காது" என்றார். ஊர் வழக்கம் எனக்கு நன்றாகவே விளங்கும் ஐயா. அதனால்தான் இதை எல்லாரும் வாசிக்க எழுதுகிறேன்.

நான் 1964 இல் இந்த ஊரில் பிறந்தவள். எங்கள் வளவுக் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. குளத்துக்கு அந்தப் பக்கம் எங்கே தோண்டினாலும் உவர். பின்னேரம் நாலு மணியானால் அந்தப் பக்கத்துப் பெண்கள் ஐந்தாறு பேர் குடத்தோடு பின்படலையால் வந்து கிணற்றடியில் நிற்பார்கள். கிணற்றுக்கட்டில் கால் வைக்க மாட்டார்கள். வாளியையும் கயிற்றையும் தொட மாட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை நிற்பார்கள். அம்மாவுக்கு அடுப்படியில் வேலை என்றால் அரை மணித்தியாலம், சில நாள் ஒரு மணித்தியாலம்கூட. எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரியும். ஆனால் நிற்க வேண்டும்.

எனக்குப் பத்து வயதானதும் அந்த வேலை என் கைக்கு வந்தது. வாளி விளிம்பு குடத்தில் முட்டாமல் உயர்த்திப் பிடித்து ஊற்ற வேண்டும் என்று ஆச்சி பழக்கினா. அதை நான் புண்ணியம் என்று நினைத்தேன். கெந்தித் தொட்டு விளையாடும் மும்முரத்தில் அவர்களை வேண்டுமென்றே காக்க வைத்த நாட்களும் உண்டு. அவர்களில் ஒருவர் என் அம்மாவைவிட மூத்தவர். அவரை நான் பெயர் சொல்லி, "நீ, வா, போ" என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை "நாச்சியார்" என்றார். பத்து வயதுப் பிள்ளையை. ஒருவருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

1988 இல் நோர்வேக்குப் போனேன். நாட்டின் வடக்கு முனை, பின்மார்க் மாகாணம். அந்தக் காலத்தில் அங்கே போன எங்கள் ஆட்கள் பலரைப்போல எனக்கும் மீன் தொழிற்சாலையில்தான் முதல் வேலை. கார்த்திகை கடைசியில் மறையும் சூரியன் தை மாதத்தில்தான் திரும்ப எழும்பும். கீழிருந்து வெளிச்சம் அடிக்கிற கண்ணாடி மேசையில் மீன் சதையை விரித்து, புழுவையும் முள்ளையும் கத்தி நுனியால் கிளறி எடுக்க வேண்டும். எட்டு மணித்தியாலம் நின்றபடி. விரல்கள் விறைத்து, மாலையில் சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியாது.

குளிரைத் தாங்கிக்கொண்டேன். இடைவேளையைத்தான் தாங்க முடியவில்லை. சாப்பாட்டு அறையில் நீளமான மேசைகள். நான் போய் இருந்ததும் எதிரில் இருந்த பெண் தன் பாணையும் கோப்பிக் கோப்பையையும் எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவாள். ஒரு நாள் இல்லை, அந்தக் குளிர்காலம் முழுக்க. ஒரு சொல் பேசியதில்லை, கோபமாகப் பார்த்ததில்லை. கோப்பையை எடுக்கும்போது மேசையில் அது உரசும் சத்தம் மட்டும் கேட்கும். என்னில் ஏதோ மணக்கிறது என்று மற்றவளிடம் சொன்னாளாம். அந்த அறையில் இருந்த எல்லாரிலும் ஒரே மீன் மணம்தான்.

1994 இல் ஒஸ்லோவுக்கு வந்து வீடு தேடினோம். என் கணவர் தொலைபேசியில் நல்ல நோர்வே மொழியில் கதைத்தபோது வீடு இருந்தது. போய் மணியடித்தபோது "இப்போதுதான் ஒருவருக்குக் கொடுத்தோம்" என்றார்கள். அடுத்த கிழமைப் பத்திரிகையில் அதே வீட்டுக்கு அதே விளம்பரம். இப்படி நாலு வீடு.

அந்த நாட்டு மொழியில் முன்னிலைக்கு ஒரே சொல்தான். அரசரைத் தவிர எல்லாருக்கும் அது பொது. மந்திரிக்கும் அதே, கழிப்பறை கழுவுகிறவருக்கும் அதே. முதல் வருடம் என் மேற்பார்வையாளரை அப்படிக் கூப்பிட எனக்கு நா எழும்பவில்லை, மரியாதை இல்லாத மொழி என்று நினைத்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. வயதில் மூத்தவரை "நீ" என்று கூப்பிட எனக்குக் கூச்சம் என்றால், கிணற்றடியில் நின்ற அந்த அம்மாவிடம் அந்தக் கூச்சம் எங்கே போனது? அவருடைய பெயருக்குப் பின்னால் ஒரு 'அக்கா' போட எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானும் கேட்கவில்லை.

என் மகனிடம் யாராவது "நீ எந்த இடம்?" என்று கேட்டால் "ஒஸ்லோ" என்பான். அவனுக்குத் தெரிந்த ஊர் அது. "சரி, உண்மையில் எந்த இடம்?" என்று திரும்பக் கேட்பார்கள். கடைக்காரர், பக்கத்து வீட்டார், அவனுடைய நண்பர்களின் பெற்றோர். பலர் நல்ல மனத்தோடுதான் கேட்டிருப்பார்கள். ஆனால் அந்த 'உண்மையில்' ஒவ்வொரு தடவையும் அவனை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தியது. ஏழு வயதில் ஒரு நாள் வந்து கேட்டான்: "அம்மா, நான் உண்மையில எங்கத்தை ஆள்?"

அதே ஒஸ்லோவில் எங்கள் ஆட்களின் பிறந்தநாள் விழாக்களில், தமிழ் வகுப்பு வாசலில், புதிதாக வந்த ஒருவரிடம் நாங்கள் கேட்கிற கேள்வியும் உங்களுக்குத் தெரியும். "ஊரில எவ்விடம்?" ஊரின் பெயர் சொன்னால், "ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" அதுவும் சொன்னால், "கோயிலடியோ, குளத்தடியோ? ஆற்ற ஆக்கள்?" அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பதில் சொல்பவர் அதற்காகவே பக்கத்து ஊரின் பெயரைச் சொல்லித் தப்பப் பார்ப்பார். அந்தத் தடுமாற்றத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கேள்வி கேட்டவள் நான்தான் என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். நோர்வேக்காரர் என் மகனைக் கேட்பதும் நாங்கள் ஆளுக்காள் கேட்பதும் ஒரே கேள்வி என்று விளங்க எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் பிடித்தது.

2001 ஜனவரி 26 இரவு, ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் பெஞ்சமின் ஹெர்மன்சன் என்ற 15 வயதுப் பையனை நவ நாசிகள் கத்தியால் குத்திக் கொன்றார்கள். தாய் நோர்வேக்காரி, தகப்பன் கானா நாட்டவர். பிள்ளையின் தோல் கறுப்பு, வேறு காரணமில்லை. பெப்ரவரி 1 ஆம் திகதி ஏறத்தாழ 40,000 பேர் தீப்பந்தத்தோடு ஒஸ்லோத் தெருக்களில் நடந்தார்கள். நானும் பத்து வயது மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்களுக்கு முன்னால் ஒரு வயதான நோர்வே அம்மா. ஒரு கையில் பொல்லு, மற்றக் கையில் பந்தம். மெழுகு உருகி அவருடைய கம்பளிக் கையுறையில் சொட்டிக்கொண்டே இருந்தது. மகன் அதைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "இவவின்ர பேரனே செத்தது?" இல்லை என்றேன். "அப்ப ஏன் இவ நடக்கிறா?"

அவனுக்கு என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. குளத்துக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒன்றுக்காக எங்கள் வீட்டிலிருந்து யாராவது ஒரு நாள் தெருவில் இறங்கியிருக்கிறோமா என்று எனக்குள் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. ஒஸ்லோ ஊர்வலத்துக்கு முப்பத்தைந்து வருடம் முந்தியே எங்கள் மண்ணில் நடந்தவர்கள் இருந்தார்கள். 1966 ஒக்டோபர் 21 அன்று தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்தில் ஊர்வலமாகப் புறப்பட்டவர்களைப் பொலிஸ் அடித்தது. அடி வாங்கியும் அவர்கள் யாழ்ப்பாணம்வரை போனார்கள். எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் உள்ளே விடச் சொல்லிச் சத்தியாக்கிரகம் இருந்தவர்களை மறித்த கூட்டத்துக்கு முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம் தலைமை தாங்கினார். அங்கேதான் எங்கள் வீட்டிலிருந்து போனார்கள். என் பெரியப்பா வாசலை மறித்து நின்றவர். சின்ன வயதில் அந்தக் கதையை வீரக் கதையாகக் கேட்டு வளர்ந்தேன்.

நல்லூர்க் கந்தசாமி கோயில் எல்லாருக்கும் திறந்தது 1956 இல். அடுத்த வருடமே, 1957 இன் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சாதி பார்த்து ஒருவரைக் கோயிலுக்குள் விடாமல் தடுப்பது அன்றிலிருந்து குற்றம். இன்றைய இலங்கை அரசியலமைப்பின் 12(3) ஆம் உறுப்புரையும் தன் மதத்தின் பொது வழிபாட்டிடத்துக்குப் போக எவருக்கும் சாதி தடையாக இருக்கக் கூடாது என்கிறது. மடம் கோயில் இல்லை, பக்கத்துக் கட்டடம்தான் என்று உங்களில் ஒருவர் சட்டம் பேசியதாகக் கேள்விப்பட்டேன். அம்மனுக்குப் படைத்த சோறு எங்கே பரிமாறப்படுகிறதோ அந்த இடத்தைக் கோயிலிலிருந்து பிரித்துப் பேச எப்படி மனம் வருகிறது?

யாழ்ப்பாணத்துச் சனம் போருக்குத் தப்பி இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 ஐ உங்களில் பலர் நடந்து கடந்தவர்கள். நான் அப்போது ஒஸ்லோவில். என் அம்மா நடந்தா, 61 வயதில், முழங்கால் வருத்தத்தோடு. நாவற்குழிப் பாலத்தில் அடியெடுத்து வைக்க இடமில்லாமல் சனம் இறுகி நின்றது. மழை. தண்ணீர் மேலே கொட்டியும் குடிக்க ஒரு சொட்டில்லை, குடையைக் கவிழ்த்துப் பிடித்து ஏந்திக் குடித்தார்கள். அம்மா மயங்கிச் சரிந்தபோது பின்னால் நின்ற ஒரு பெண் தன் போத்தல் மூடியில் ஊற்றி ஊற்றி அவவின் வாயில் விட்டிருக்கிறா. விடியும்வரை தோளில் சாய்த்துப் பிடித்திருக்கிறா. அந்தப் பெண் கிணற்றடியில் காத்து நின்றவர்களில் ஒருவரின் மகள். அம்மா சாகும்வரை இதைச் சொல்லிச் சொல்லி அழுதா. "அவள் என்னை நிக்க வைக்கேல்லை பிள்ளை, உடன தந்தாள்" என்பா.

அந்தப் பெண்ணுக்கு இப்போது எழுபது வயது நெருங்குகிறது. வருகிற ஆடிப்பூரத்துக்கு உங்கள் முடிவின்படி அவர் தகரப் பந்தலுக்குள் இருக்க வேண்டும். நான் உள்ளே இருக்கலாம்.

அவருடைய பேரன்தான் மடத்தின் நிலத்துக்கு மாபிள் பதித்தவர். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த பிள்ளை, கை சுத்தம். பிள்ளையார் சிலைக்கு முன்னால் ஒரு கல் மயிரிழை உயர்ந்துவிட்டது என்று, நான் போதும் என்று சொல்லியும் கேளாமல், கிளப்பித் திரும்பப் பதித்தார். "ஆக்கள் வெறுங்காலோட நடக்கிற இடம், தட்டுப்படும்" என்றார். போன மாசியில் அவரே என் வீட்டுக் குளியலறை வேலைக்கு வந்தார். அன்றைக்கு வந்திருந்த உறவுக்கார மாமி ஒருவர் அடுப்படியில் தேநீர் போட்டு எனக்கும் தனக்கும் பீங்கான் கோப்பையில் கொண்டு வந்தா. அவருக்குக் கடதாசிக் கப். அலுமாரியில் எட்டுக் கோப்பை சும்மா இருக்கிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. குடித்து முடித்ததும் கப்பை நசுக்கித் தன் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தச் சின்னச் சத்தம் கேட்டதும் எனக்குப் பின்மார்க்கின் மேசையும் உரசும் கோப்பையும்தான் நினைவு வந்தன. அன்றைக்கு மாமியிடம் நான் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் இந்தக் கடிதத்துக்குள் இருக்கிறது. அடுத்த நாள் நானே கோப்பையில் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்தில் இருந்து குடித்தேன். மன்னிப்பும் கேட்டேன். "பரவாயில்லை அன்ரி, பழகிட்டுது" என்றார். 28 வயது.

"அந்த ஆக்களே கேக்கேல்லை, நீ ஏன் துள்ளுறாய்" என்கிறீர்கள். அவர்கள் இரண்டு தடவை எழுதிக் கேட்டது உங்கள் கோப்பில் இருக்கிறது. மூன்றாம் தடவை ஏன் கேட்கவில்லை என்றால், நாளைய கூலி வேலை எங்கள் வளவுகளில்தான். பிள்ளையின் படிப்புக்குக் கடன் கேட்டு வருவதும் எங்கள் வாசலுக்குத்தான். மீன் தொழிற்சாலையில் அந்தப் பெண்ணிடம் "ஏன் எழும்பிப் போகிறாய்" என்று நானும் ஒரு நாள் கேட்கவில்லை. வேலை போனால் விசா போகும் என்ற பயம். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததை அவள் சம்மதம் என்று எடுத்திருப்பாளோ தெரியாது. எனக்கு அது சம்மதமாக இருக்கவில்லை.

"அங்கே நடந்தது இனவாதம், இங்கே இருப்பது ஒழுங்கு" என்றும் தலைவர் ஐயா சொன்னார். எனக்கு வீடு தராத அந்த ஒஸ்லோக்காரரும் தன் மாடிப்படியின் ஒழுங்கைத்தான் காப்பாற்றினார்.

ஒன்றியத்தின் அண்ணன்மாருக்கும் தங்கைமாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலைக்கு விண்ணப்பித்த பிள்ளையைப் பெயரைப் பார்த்தே ஒதுக்கினார்கள் என்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் நீங்கள் கொதிக்கிறீர்கள். நியாயமான கொதிப்பு. யாழ்ப்பாணத்தில் பிறந்த கம்ஷாஜினி குணரத்தினம் 2015 இல் ஒஸ்லோவின் துணை மேயரானபோது நாங்கள் எல்லாரும் ஆளுக்காள் தொலைபேசி எடுத்துச் சந்தோஷப்பட்டோம். அகதியாகப் போன குடும்பத்தின் பிள்ளை, வந்தேறி என்று ஒதுக்கப்படாமல் அந்தக் கதிரையில் இருக்க வேண்டும் என்று விரும்பினோம். அந்த மனத்தோடு இந்த மடத்துக்கும் காசு சேர்த்தோம். சேர்த்த காசு வாசலில் ஆள் பிரிக்கப் பாவிக்கப்படுகிறது என்று தெரிந்த பிறகும் நீங்கள் பேசாமல் இருந்தால், பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? என் மகன் கேட்டுவிட்டான். உங்கள் வீட்டிலும் கேட்பார்கள்.

நான் கேட்பது இவைதான்.

மேற்கு வீதிப் பந்தல் முடிவைக் கொடியேற்றத்துக்கு முதல் பொதுக்கூட்டம் கூட்டி இரத்துச் செய்யுங்கள். மடத்தில் வருகிற ஒழுங்கில் எல்லாரும் ஒரே பந்தியில் இருக்கட்டும். பரிமாறுகிறவர்களிலும் சமைக்கிறவர்களிலும் இரண்டு பக்கத்து ஆட்களும் இருக்க வேண்டும். ஒரே பந்தியில் இருத்திவிட்டுச் சமையலறையில் கோடு கிழித்தால் அது பழைய கதைதான்.

குளத்துக்கு அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் கேட்ட உபயத்தை இந்த வருடமே கொடுங்கள். நாள் இல்லை என்றால் ஆறாம் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது என் தகப்பன்வழி உபயம். சகோதரர்களோடு கதைத்துவிட்டேன், சம்மதம்.

சபை யாப்பில் அங்கத்துவத்துக்கு 'உபயகாரக் குடும்பத்தில் பிறந்தவர்' என்று இருக்கும் வரியை நீக்குங்கள். ஊரில் வசிக்கும் 18 வயதுக்கு மேற்பட்ட எந்த அடியாரும் அங்கத்தவராகலாம் என்று எழுதுங்கள். தேர் வடத்திலும் எல்லாருடைய கையும் படட்டும். 2018 இல் தென்மராட்சியில் ஒரு கோயிலில் வடத்தை எல்லாருக்கும் கொடுக்க மனமில்லாமல் மண் வெட்டும் இயந்திரத்தால் தேரை இழுத்த படம் உலகம் முழுக்கப் போனதை மறந்திருக்க மாட்டீர்கள்.

ஒன்றியக் கிளைகள் இந்த மாற்றங்கள் எழுத்தில் வரும்வரை கோயிலுக்கான அடுத்த தவணைக் காசை நிறுத்தி வைக்க வேண்டும். இளைஞர் வைத்தியச் செலவு, படிப்புச் செலவு இவற்றை நிறுத்த வேண்டாம்.

முடிவு மாறாவிட்டால் மட வாசல் கல்வெட்டிலிருந்து என் கணவரின் பெயரை எடுத்துவிடுங்கள். கல்லைக் கிளப்பும் கூலியை நான் தருகிறேன். பத்து நாளும் நான் மேற்கு வீதிப் பந்தலில்தான் சாப்பிடுவேன். அங்கே எனக்கு ஒரு இலை கூடப் போடுங்கள்.

பதிலைக் கடிதமாக, சபையின் முத்திரையோடு, ஆனி மாதம் முடிவதற்குள் தாருங்கள். வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சமாதானம் பேச வேண்டாம்.

இப்படிக்கு,
கோயிலடியில் பிறந்து, 31 வருடம் நோர்வேயில் இருந்து, 2019 இல் ஊர் திரும்பிய ஒருத்தி